கை வேலை செய்யட்டும், காது படிக்கட்டும்

தலைப்பில் இருக்கும் வரியை நான்தான் எழுதினேன். ஒரு பயிற்சி வகுப்பில், டீ வரத் தாமதமான இருபது நிமிடத்தில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கினேன். எழுதி முடித்ததும் எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்று யாராவது என் முன்னால் அதைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறேன்.

நான் அறிவியல் டீச்சர். விருதுநகரில் வீடு, ஆமத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. எங்கள் ஊர்ப்பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மாணவி ஒருத்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்கு முகம் ஞாபகம் இருந்தது. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தேறி, என் பாடத்தில் மட்டும் போனவளை எந்த டீச்சர் மறப்பாள்? அப்போதே பட்டாசு ஆபீஸுக்குப் போய்விட்டாள். கல்யாணம் ஆகி இரண்டு பெண் பிள்ளைகள். பத்து வருடத்துக்கு மேலாக மருந்து அறையில் வேலை. வெடிக்குள் மருந்து செலுத்தும் அறை அது, நான்கு பேர்தான் உட்காரலாம்.

"இந்த ஒரு பாடத்த மட்டும் எழுதி முடிச்சுருதேன் டீச்சர்" என்றாள். பத்தாவது பாஸ் என்று காகிதம் இருந்தால் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு எழுதிப் போடலாமாம்.

"இப்ப என்ன திடீர்னு?" என்றேன்.

"சின்னவ தெனமும் காலையில கம்பெனி வேன் வர்றப்ப, 'அம்மா, வந்துருவியா?'ன்னு கேக்குறா டீச்சர். பக்கத்துத் தெருவுல ஆபீஸ் வெடிச்சுச் செத்தவுக துட்டிக்குப் போனதுல இருந்து இப்படித்தான் கேக்குறா. நானும் வந்துருவேன் வந்துருவேன்னு சொல்லிட்டுப் போறேன்."

உள்ளே கூட்டி உட்கார வைத்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"படிக்க எங்க நேரம் இருக்கு? கை எந்நேரமும் வேலையாத்தான் இருக்கு. சோறு வடிக்கணும், துணி தொவைக்கணும். நீங்க பேசி போனுல அனுப்பிருங்க டீச்சர். நாம்பாட்டுக்குக் கேட்டுக்கிடுதேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. யோசனை அவளுடையது. பிறகு நான் மேடை ஏறியபோது இதை எங்கேயும் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் வாட்ஸப்பில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பேசி அனுப்பினேன். அவள் சமைக்கும்போது கேட்டாள், துவைக்கும்போது கேட்டாள், கம்பெனி வேனில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதில் வயரைச் செருகிக்கொண்டு கேட்டாள். அணு, அயனி, அமிலம், காரம். கேட்டுவிட்டுச் சந்தேகத்தைக் குரலிலேயே திருப்பி அனுப்புவாள். பின்னணியில் குக்கர் விசில் அடிக்கும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

ஒரு கல்வி அறக்கட்டளை எங்கள் மாவட்டத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தது. சூலக்கரைப் பக்கம் ஒரு மண்டபம். சென்னையிலிருந்து வந்த பையன், என் மூத்த மகன் வயசுதான் இருக்கும், பாட்காஸ்ட் என்றால் என்ன என்று படம் போட்டு விளக்கினான். நான் கையைத் தூக்கி, "இதைத்தானே தம்பி நான் நாலு மாசமாச் செய்துகிட்டு இருக்கேன்?" என்றேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

"சூப்பர் மேடம்! உங்க டேக்லைன் என்ன?" என்று கேட்டான்.

"அப்படின்னா?"

"ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னாடி ஒரு வரி. கேக்கிறவங்க மனசுல நிக்கணும்."

டீ வரத் தாமதமானது. நான் எழுதினேன். கை வேலை செய்யட்டும், காது படிக்கட்டும். வாசித்துக் காட்டியதும் கைதட்டினார்கள். ஒரு தமிழ் ஐயா எழுந்து, மோனையும் இயைபும் எப்படி விழுந்திருக்கின்றன பாருங்கள் என்று விளக்கம் வேறு சொன்னார். வேலை என்று நான் நினைத்தது அடுப்படி வேலையை, துவைக்கிற வேலையை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் வேலை என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் அடுப்படி ஞாபகத்துக்கு வராது. காலையில் வேன் ஏறிப் போவதற்குப் பெயர்தான் வேலை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் பேசி அனுப்பியதெல்லாம் எபிசோடு ஆகி, மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போயிற்று. பள்ளியில் அறிவியல் கூடத்தை ஒட்டிச் சாமான் அறை ஒன்று உண்டு. உடைந்த எலும்புக்கூடு, பூட்டாத பீரோ, அமில நெடி. ஜன்னலில் பெட்ஷீட்டைக் கட்டி, கதவைச் சாத்தி, வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பேசுவேன். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். "நேர் அயனி என்பது..." டமார். "எலக்ட்ரானை இழந்த..." டமார், டமார். எங்கள் ஊரில் பிறந்தவர்கள் வெடிச் சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் பதிவு செய்ய உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு சத்தமும் எனக்கென்றே வெடிக்கிற மாதிரி எரிச்சல் வந்தது. ஒருநாள் கோபத்தில் எழுந்து ஜன்னலைத் திறந்து, "கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டீகளா!" என்று கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆடுகள் நான்கும் என்னைப் பார்த்தன.

தலைமையாசிரியர் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் தான் ஒரு நிமிடம் வாழ்த்திப் பேச வேண்டும் என்றார். பேசவும் செய்தார். ஒழுக்கம், நேரம் தவறாமை, முடிவெட்டு என்று போய் மூச்சு விடும்போது பாதி பீரியட் முடிந்திருந்தது. பதிவு அழிந்துவிட்டது சார் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபடி பேசத் தயாராக இருந்தார். மைக் ரிப்பேர் என்றேன்.

அறக்கட்டளைக்காரர்கள் பதிவைக் கேட்டுவிட்டு, சத்தம் அதிகமாக இருக்கிறது, சுத்தம் செய்யுங்கள் என்றார்கள். அதற்கும் ஒரு செயலி கொடுத்தார்கள். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து வெடிச் சத்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். கண் வீங்கிப்போயிற்று. சுத்தமான பதிவுகளை அவளுக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது.

"டீச்சர், வேட்டெல்லாம் எங்க காணோம்? எனக்கு ஒண்ணுமே பிடிபடல."

"எந்த வேட்டு?"

"நீங்க பேசுறப்ப வெடிக்கும்ல? நான் அத வச்சுத்தான் ஞாபகம் வச்சிருந்தேன். அமிலத்துக்கு ஒரு வேட்டு, காரத்துக்கு ரெண்டு வேட்டு. உப்புக்கு வேட்டே கெடையாது. இப்ப எல்லாம் ஒண்ணு போலக் கெடக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை. படிக்கிறவளுக்கு எது உதவுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் டீச்சருக்கு அழகு. ஆனால் எனக்கு அன்று அந்த அழகெல்லாம் இல்லை. இருபத்தைந்து வருடம் நடத்தியவளிடம் வெடிக் கணக்குச் சொல்கிறாளே என்றுதான் இருந்தது. அந்த மாதம் அவளுக்கு வைத்த சின்னத் தேர்வில் பாதிகூட எழுதவில்லை. போனில் கூப்பிட்டுக் கடித்தேன்.

"ஒரு பாடத்தை எத்தனை தடவை கேக்குறே?"

"ஒரு தடவதான் டீச்சர். தீபாவளி சீசன் ஆரம்பிச்சுருச்சு. வீட்டுக்கு வரவே இருட்டிப்போகுது."

"ஒரு தடவை கேட்டா எப்படி மண்டையில ஏறும்? இருபது தடவை கேக்கணும்."

"நேரம் எங்க டீச்சர் இருக்கு?"

"வேலை பாக்கிறப்பக் கேளு! அதைத்தானே ஒவ்வொரு பாடத்துலயும் முதல் வரியாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்? காதுல விழலையா?"

"சரி டீச்சர்" என்றாள். டீச்சர் சொன்னால் சரி என்றுதான் அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தோம்.

அடுத்த வாரமே விஷயம் வந்தது. அவள் மூலமாக இல்லை, எங்கள் பள்ளி ஆயாம்மா மூலமாக. பிறகு அவளே நடந்ததைச் சொன்னாள்.

பட்டாசு ஆபீஸ் கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டு, அடையாளத்துக்கு நம்பர் போட்ட மரக்கட்டை ஒன்றைத் தருவார்கள். வாட்ச்மேன் அறையில் அதற்கென்று பலகை உண்டு. மருந்து அறைக்குப் போகும் வழியில் ஒரு செம்புத் தகடு. அதில் கை வைத்து உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கு நிலைமின்சாரம் நடத்தும்போது நான் வருடா வருடம் அந்தச் செம்புத் தகட்டைத்தான் உதாரணம் சொல்வேன். பிள்ளைகளுக்கு உடனே புரியும், அம்மா சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

அவள் ஓடாத போன் ஒன்றைக் கேட்டில் கொடுத்துவிட்டு, பாடம் கேட்கிற போனை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறாள். வயரை முதுகுப் பக்கமாக ஏற்றி, முந்தானையைத் தலையோடு போர்த்தி மறைத்திருக்கிறாள். இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மதியம், ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தில் வயர் கழன்றுவிட்டது. நல்ல போனாக இருந்தால் வயர் கழன்றதும் பேச்சு நின்றுவிடுமாம். அது அவள் கணவன் கழித்துப்போட்ட போன். நிற்கவில்லை. சுற்றி மருந்து, நான்கு பெண்கள், மூச்சுச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்காத அறை. அதற்குள்ளிருந்து என் குரல் முழுச் சத்தத்தில் கிளம்பியிருக்கிறது.

கை வேலை செய்யட்டும், காது படிக்கட்டும்.

பழக்கமில்லாத சத்தம் எது கேட்டாலும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும் என்பதுதான் அங்கே முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம். மற்ற மூன்று பேரும் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் படியில் தடுக்கி விழுந்து முழங்கால் கிழிந்துவிட்டது. பக்கத்து அறைக்காரர்களும் ஓடியிருக்கிறார்கள். வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது, அவள் மட்டும் அறை வாசலில் நின்று இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தாளாம், என் குரலை நிறுத்தத் தெரியாமல். எதுவும் வெடிக்கவில்லை. அன்றே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் மேல் என்று கேட்டால், பட்டாசு ஆபீஸ் மேல். படிக்கிற பொம்பளையை வேலையை விட்டு அனுப்புவதா என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். நம்பர் கட்டை ஒன்றைக் கையில் தந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஃபோர்மேன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அவர் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில் படித்தவர்கள்.

"டீச்சர், காப்பி சாப்பிடுறீகளா?"

"காப்பி இருக்கட்டும். ஒருத்தி படிச்சு முன்னுக்கு வரணும்னு நினைச்சது தப்பா?" என்று ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் பேசினேன். பெண்கல்வி வரைக்கும் போனேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கேட்டார்.

"நீங்க சயின்ஸ் டீச்சர்தான?"

"ஆமா."

"அந்த வரியை நீங்கதான் பேசிருக்கீக?"

"ஆமா."

"அத எங்க மருந்து ரூம்பு வாசல்ல நின்னு, அந்த நாலு பேரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுவீகளா டீச்சர்?"

நம்பர் கட்டை என் கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் புள்ள நல்ல வேலைக்காரி. எனக்கும் மனசு கேக்கல. ஆனா அவ இருக்கிற எடத்துல நாங்க இருக்க மாட்டோம்னு மூணு பேரும் சொல்லிட்டாக. அவுக சரின்னு சொன்னா நான் மொதலாளிகிட்டப் பேசி, பாக்கிங் பக்கமாவது எடுத்துக்கிடுவேன். மருந்து ரூம்புக்கு இனிமே முடியாது."

நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூன்று வீடுகள், மூன்றும் ஒரே தெருவில். போய் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். கேட்டில் போனைத் திரும்ப வாங்கும்போதே, இன்று வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விழா வந்துவிட்டது. பாட்காஸ்ட் செய்த ஆசிரியர்களுக்கு அறக்கட்டளை கேடயம் கொடுத்தது. மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஃபிளெக்ஸ். அதில் என் படம், பக்கத்தில் என் வரி, ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். வரியின் இரண்டு பக்கமும் புஸ்வாணம் பூத்துக்கொண்டிருக்கிற மாதிரி வரைந்திருந்தார்கள். மாவட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று செய்திருப்பார்கள். அதன் கீழே நின்று கேடயத்தை வாங்கினேன். மைக்கைக் கொடுத்தார்கள். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும், "அனைவருக்கும் நன்றி" என்றேன். இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். எல்லாம் நன்றிதான். இதை எழுதும்போதுகூட என்னை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருட்டி, உருவி எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து செய்கிற வேலை, மருந்து கிடையாது. சின்ன மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். போட்டோவுல நல்லா இருந்தீக" என்றாள். யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குத்திப் பேசுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொன்னாள். குத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இனிமே போன்ல வேண்டாம். நானே தினமும் சாயங்காலம் வந்து சொல்லித் தர்றேன்" என்றேன்.

அவள் குழாயை உருட்டிக்கொண்டே கேட்டாள். "அவுக மூணு பேருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்றீகளா டீச்சர்? நான் போனா கதவைச் சாத்திக்கிடுதாக."

"பரீட்சை முடியட்டும்த்தா. மொதல்ல அதைப் பாப்போம்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

பள்ளி விட்டதும் தினமும் போனேன். ஒரு சாயங்காலம், சும்மா உட்கார்ந்து நடத்துகிறோமே, நாமும் நாலு குழாய் உருட்டிக் கொடுப்போம் என்று கம்பியை எடுத்தேன். கரைசல்கள் பாடம். கரைபொருள் என்று சொல்லும்போது காகிதம் கோணிக்கொண்டது. அதை நேராக்கும்போது கரைப்பான் என்பதற்குப் பதில் மறுபடி கரைபொருள் என்றேன். பசை புடவையில் ஒட்டியது. நாலு குழாய் உருட்டினேன், நாலும் வீண். சின்ன மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"விடுங்க டீச்சர். ஒண்ணு கையைப் பாக்கணும், இல்ல பாடத்தப் பாக்கணும்" என்றாள் அவள்.

மாவட்டம் முழுக்க அந்த வரியைப் பரப்பின நான், ஒரு தடவைகூட அப்படிச் செய்து பார்த்ததில்லை. கம்பியை அவளிடமே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் போனதும் அவள் கம்பியைக் கீழே வைத்துவிடுவாள். நான் ஒரு மணி நேரம் நடத்துவேன். பழைய பதிவுகளையும் கேட்டாள், வெடிச் சத்தத்தோடு இருந்தவற்றை. என் கணினியில் தேடி எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கையைச் சும்மா வைத்துக்கொண்டு கேட்பாள். "இப்ப ரெண்டு வேட்டு வரும்" என்பாள். வரும்.

அறக்கட்டளையிலிருந்து இடையில் ஒருமுறை போன் வந்தது. என் வரியைப் பள்ளிப் பைகளில் அச்சடிக்கப் போகிறார்களாம், அனுமதி வேண்டுமாம். கூடாது என்றேன். ஏன் மேடம், அதுதானே ஹைலைட் என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். அப்ப வேலைங்கிறதை எடுத்துட்டு வேற வார்த்தை போட்டுக்கலாமா?" என்றாள். போனை வைத்துவிட்டேன். எல்லாப் பதிவிலிருந்தும் முதல் வரியை வெட்டினேன். வெடியை வெட்டினதைவிட அது சீக்கிரம் முடிந்தது.

பங்குனியில் பரீட்சை எழுதினாள். சித்திரை முடியும் நேரத்தில் முடிவு வந்தது. அன்று நாங்கள் ஆசிரியர்கள் எல்லாரும் பள்ளியில் கூடியிருந்தோம். எங்கள் பிள்ளைகளின் முடிவைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் பதிவெண்ணைத்தான் போட்டுப் பார்த்தேன். பாஸ். நூலிழையில்தான், ஆனாலும் பாஸ். நான் கத்தின கத்தில் தலைமையாசிரியர் ஓடிவந்தார். உடனே அவளைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள், இந்தப் பக்கம் நானும் அழுதேன். மகள்கள் இரண்டு பேரும் குதிக்கிற சத்தம் கேட்டது.

அழுகை நின்றதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "டீச்சர், சத்துணவு வேலைக்கு எப்பக் கூப்புடுவாகன்னு தெரியாது. அதுவரைக்கும் குழாய் உருட்டுற வேலைய வச்சு ஓட்ட முடியாது. பாக்கிங் கெடைச்சா நல்லாருக்கும். பரீட்சைதான் முடிஞ்சிருச்சுல்ல? அவுக மூணு பேருகிட்டயும் சொல்றீகளா?"

அவள் மறக்கவில்லை. ஆவணியில் நான் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை மாதம் ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தாமல் காத்திருந்திருக்கிறாள்.

"இன்னைக்கே சொல்றேன்" என்றேன். மூன்று பேரில் மூத்தவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன். நம்பரை வாங்கும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. எதற்கு அந்த நிம்மதி என்று அப்போது யோசிக்கவில்லை.

சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். போனை எடுத்துப் பேச ஆரம்பித்தால், வாயில் தானாக "அன்பு மாணவ மாணவியரே" என்று வருகிறது. அழித்தேன். இரண்டாவது தடவை, "எதிர்பாராத விதமாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது" என்றேன். தவறு தானாக வேன் ஏறி வந்து நேர்ந்ததா? அழித்தேன். மூன்றாவதில் என் நல்ல நோக்கத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசிவிட்டேன். அழித்தேன். சாயங்காலம் வரை இதே வேலை. கடைசியில் இப்படிப் பேசினேன்.

"அன்னைக்கு உங்க ரூம்புல கேட்டது என் சத்தம். வேலை பாக்கிறப்பக் கேளுன்னு அவளுக்குச் சொன்னது நான். அவ நேரமில்லன்னுதான் சொன்னா, நான்தான் கடிச்சேன். நீங்க ஓடினதுக்கும் உங்க கால்ல அடிபட்டதுக்கும் நான்தான் காரணம். அவளை மன்னிச்சுருங்க."

"காரணம்" என்று சொல்லும்போது வெளியே ஒரு வெடி. நான் அதை வெட்டவில்லை. அப்படியே அனுப்பினேன். மற்ற பாடங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இதுதான் சின்னது, இதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று.

பை, கண்ணாடி, சாப்பாட்டு டப்பா எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பும்போது பதில் வந்தது. அதுவும் குரல்தான். வயதான குரல், அவசரமே இல்லாத குரல்.

"கேட்டோம் டீச்சர். மூணு பேரும் இங்கனதான் உக்காந்திருக்கோம். பாடம்னா சரி, போனுல அனுப்புவீக. இதையுமா போனுல அனுப்புவீக? உங்க பள்ளிக்கூடத்துக்கும் எங்க வீட்டுக்கும் எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

பத்து நிமிடத் தூரம். இத்தனை மாதமும் அதே பத்து நிமிடம்தான். வண்டிச் சாவியை எடுத்தேன். போனைச் சாமான் அறை மேசையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.